காதர் பாயின் வாத்துகளும் கிணற்றுப் பூட்டும்

பூட்டுப் பட்டறையில் அரம் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலிலிருந்து வந்த ஆள் வாசலில் நின்றபடியே, "காதர் பாய் மௌத்தாயிட்டாரு. அசர் தொழுகை முடிஞ்சு எடுக்குறாக" என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்குப் போனார். நான் பேகம்பூர் போய்ச் சேர்வதற்குள் வீட்டு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் முன்பு குடியிருந்த வளவுக்குச் சொந்தக்காரர் முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பழுக்கில்லாத மனுசன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காதர் பாயின் தொழில் சுத்தம் பூட்டுத் தொழிலாளிகளான உங்களுக்குத் தெரியும். பூட்டுக்கு அவர் வைக்கும் நெம்புகோலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வளர்த்த வாத்துகளைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் அவரும் நானும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தோம். எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு. அவர் மனைவி கதீஜா அக்கா கன்னிவாடிப் பெண், கண்மாய்க்கரையில் வளர்ந்தவர். தாய்வீட்டிலிருந்து கூடையில் கொண்டுவந்த வாத்துக்குஞ்சுகள் கொல்லையில் பெருகியிருந்தன. பட்டறையில் வேலை இல்லாத வாரங்களில் அக்கா முட்டை விற்றுத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

மார்கழிப் பனியில் ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும். பாய் மட்டும் விடியுமுன்னே பஜ்ரு தொழுதுவிட்டு வந்து, வாளி வாளியாக இறைத்துக் கொல்லையிலிருந்த கல்தொட்டியை நிரப்புவார். "என்ன பாய், வெந்நீர் போடலையா?" என்று வளவே கேலி பேசும். நானும் ஒருநாள் கேட்டேன்.

"மாப்ளே, அது குளிக்கலைன்னாத்தான் அதுக்குக் குளிரும்" என்றார். முங்கிக் குளித்தால்தான் இறகு சுத்தமாகும், அப்புறம் வால்பக்கத்து எண்ணெயை அலகால் எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும், அழுக்கு இறகென்றால் பனி உள்ளே இறங்கிவிடும் என்று விளக்கினார். எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்தது.

ஒரு வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கிணறு வற்றவில்லை, குறைந்திருந்தது, அவ்வளவுதான். வளவுக்காரர் கிணற்றுக்குப் பலகை மூடி போட்டு, பூட்டுக்கு எங்கள் பட்டறையிலேயே சொன்னார். செய்தது காதர் பாய். நம் கிணற்றுக்கு என்று தெரிந்தேதான் செய்தார். சாவிகளையும் வளவுக்காரர் கையில் ஒப்படைத்தார். அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கிணறு திறந்தது.

பாய் ஒருமுறை தொட்டிக்குத் தண்ணீர் கேட்டார். "மனுசனுக்கே தண்ணியில்ல பாய். இந்தக் குளிருல வாத்துக்கு என்ன குளியலு? சும்மா நிக்கயிலயே நடுங்குதே, பாக்கலையா?" என்றார் வளவுக்காரர். குளிக்காததால்தான் நடுங்குகிறது என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. அவர் வீட்டு மல்லிகைப் பந்தல் மட்டும் தினமும் நனைந்துகொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க செஞ்ச பூட்டுத்தானே? பகல்லயே திறங்க பாய். யாரு கேக்குறான்னு நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நம்ம பூட்ட நாமளே கம்பி விட்டுத் தொறந்தா, அப்புறம் எவன் மாப்ளே நம்மகிட்ட பூட்டு வாங்குவான்?"

பின்னால் நின்றிருந்த அக்கா கேட்டார்: "அந்த ஞாயமெல்லாம் இருக்கட்டும். ஒங்களால தொறக்க முடியுமா முடியாதா?"

பாய் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "அது லேசுல தொறக்குற பூட்டு இல்ல புள்ள" என்றார்.

அக்கா நம்பினார். அரிசி கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிப் பார்த்தார். வாத்துக்குத் தலை முங்கக்கூடப் போதவில்லை. ஒருநாள் வாத்துகள் வேலி இடுக்கில் நுழைந்து, தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் இறங்கிவிட்டன. தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் முங்கி முங்கிக் குளித்தன. கண் ஒட்டிக்கொண்டு, இறகு கொட்டி, தை முடிவதற்குள் கொல்லை காலியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா பாத்திரம் தேய்க்கப் போனார். அதுவும் அந்த வளவுக்காரர் வீட்டுக்கே.

சித்திரையில் வளவுக்காரர் சாவிகளைத் தொலைத்துவிட்டார். பெண்களெல்லாம் குடத்தோடு கிணற்றடியில் நின்றார்கள். பாயைக் கூப்பிட்டனுப்பினார். பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, பூட்டுக்குள் விட்டு, லேசாகத் திருப்பினார். சாவி எப்படித் தொலைந்தது என்று வளவுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் பூட்டு திறந்துகொண்டது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"அம்புட்டு லேசா?" என்றார் அக்கா.

பாய் கையில் பூட்டோடு நின்றார். அக்கா வெறும் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அதற்குப் பின் பாய் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஊரில் தன் பூட்டுக்கு இருந்த பேருக்குக் கொடுத்த மதிப்பைப் பெண்டாட்டியின் பிழைப்புக்கு அவர் கொடுக்கவில்லை என்று நான் இன்றும் நினைக்கிறேன். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். அவரைத் தெரிந்தவன் வேறு எப்படி எழுதுவது?

கபருஸ்தானில் எல்லோரையும் போல நானும் குழியில் மண் அள்ளிப் போட்டேன். அவர்மேல் இத்தனை வருஷமாக வைத்திருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அவரைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அது என்றைக்கோ போயிருக்கும்.