பாடு போன நாள்

திருநங்கைகளுக்கான புதுச் சட்டம் வந்தபின், அறுவை சிகிச்சையும் முடித்து, கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து வாங்கிய சான்றிதழில் 'பெண்' என்று இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ. அன்றைக்கு என்னைப் போல சந்தோஷப்பட்ட பைத்தியம் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் ஓடும் இடங்களைப் பாடு என்போம். சீட்டுப் போட்டு, முறை வைத்து, ஊர்தான் பிரித்துக் கொடுக்கும். ஆண்களுக்கு மட்டும். அப்பனால் முடியாவிட்டால் மகன், மகனும் இல்லாவிட்டால் பங்காளி. நைனாவுக்கு முட்டி போனதிலிருந்து அவர் முறைக்கு நான்தான் போனேன். அவருக்கு வேறு பிள்ளை இல்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு படகு ஏறுவேன். முதுகுக்குப் பின்னால் சிரித்தார்களே தவிர, முறையில் யாரும் கை வைக்கவில்லை.

சான்றிதழ் விஷயம் பரவியதும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெரியப்பா மகனுக்கு எங்கள் முறைமேல் வெகுநாளாக ஒரு கண். பேச்சைக் கிளப்பியது அவன்தான். ஊர்த்தலைவர் சுற்றி வளைக்கவில்லை.

"கவர்மெண்டே பொம்பளைனு எழுதிக் குட்த்துட்டான். பொம்பளைக்கி ஏது பாடு?"

பிறந்து வளர்ந்த ஊர் என்னைப் பெண் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை நான் 'அது'தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நைனா தடுமாறி எழுந்தார். வீட்டைவிட்டு ஓடிய என்னைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்த மனிதர். ஆனால் ஒருநாளும் மகள் என்று சொன்னதில்லை.

"ஆம்பளதான். என் புள்ளதான் அது. நீயே சொல்லு."

கூட்டமே என்னைப் பார்த்தது. ஆமாம் என்று தலையாட்டினால் முறை தங்கிவிடும். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்து, "நான் பொண்ணுதான் நைனா" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

இப்போது மீன் கூடையோடு ஆரம்பாக்கம் போய் வியாபாரம் பார்க்கிறேன். எங்கள் முறை வரும் நாட்களில் நைனா பழக்கதோஷத்தில் விடிவதற்குள் கரைக்கு வந்துவிடுகிறார். போன வாரமும் நின்றிருந்தார். எங்கள் இடத்தில் பெரியப்பா மகன் வலை கட்டிக்கொண்டிருந்தான். கூடையோடு நான் கடந்து போனபோது, ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்.

"வாடைக் காத்து அடிக்குது. இன்னிக்கி எறா நல்லா ஏறும்."

பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.