இருபது சுற்றுப் பாட்டு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒற்றை ஸ்பானரோடு ஆரம்பித்து, இன்று மூன்று ஷட்டர் வைத்த மோட்டார் பட்டறைக்கு முதலாளி. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவேன். என்னிடம் பதினாறு வருஷமாக இருக்கும் காயில்காரர் பாடிய பாட்டு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

எரிந்த மோட்டாரில் கருகின கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றுவது அவர் வேலை. ஒரு சுற்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதிகம் பேசமாட்டார். டீ ஆறிய பிறகுதான் குடிப்பார். அவசரப்படுத்தினால் கம்பி சுற்றும் மெஷினின் கைப்பிடியை விட்டுவிட்டு முகம் கழுவ எழுந்து போய்விடுவார். அவர் கட்டிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆளைப் பிடித்தது நான் அல்லவா!

கைப்பிடியைச் சுழற்றும்போதெல்லாம் ஏதோ பழைய பாட்டில் இரண்டு வரியை முணுமுணுப்பார்:

வாசல் வரைக்கும் வந்த கால்
வந்த வழியே திரும்புதே

போன மாதம் எதிரே புதுப் பட்டறை திறந்தார்கள். அந்த முதலாளி நம் ஆளிடம் இரண்டு தடவை பேசினாராம். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எனக்கு வேறு மாதிரி கேட்டது. போகப் போகிறதை ஜாடையாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

“அது உங்க பாட்டுங்க. கடை ஆரம்பிச்ச புதுசுல நம்ம வீட்டு வாசல்ல வந்து செருப்பைக் கழட்டுவீங்க, எவனாவது கூப்பிட்டா மாட்டிக்கிட்டுப் போயிடுவீங்க. அந்தப் பாட்டு வந்தாலே நான் ரேடியோவை அணைச்சிடுவேன்.”

இது என்ன புது வம்பு? மறுநாள் அவரிடமே நேராகக் கேட்டேன்.

“போறதுன்னா முகத்துக்கு நேரா சொல்லுப்பா. பாடிக் காட்டாதே.”

அவர் முழித்தார். “எங்க போறது முதலாளி? ரெண்டு வரிக்கு இருபது சுத்து. நாலு தடவை பாடினா எண்பது. கணக்கு தப்பாம இருக்கத்தான் பாடுறேன். அர்த்தத்தை யாரு பார்த்தா?”

எதிர்க்கடைக்கு அன்றே முடியாது என்று சொல்லிவிட்டாராம். எனக்கு உயிர் வந்தது. வந்த ஜோரில் சும்மா இருந்தேனா? உள்ளே வராமல் திரும்பிப் போனவனின் பாட்டு அது என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். தலையாட்டிவிட்டுச் சுற்றத் தொடங்கினார். மூன்றாம் தடவையில் கை நின்றது. எண்ணிக்கை விட்டுப்போனது. அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினார்; மறுபடியும் விட்டது.

சாயங்காலம் இரண்டு நாள் லீவு கேட்டார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் ஒருவர் உண்டாம். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் இவர் வீட்டு வாசல் வரை வந்தாராம். இவர் எழுந்து வராததால் திரும்பிவிட்டாராம். ஓர் அண்ணன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மூன்றாம் நாளும் ஆள் வரவில்லை. பாதி சுற்றிய காயிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் வந்தார். அண்ணனைப் பார்த்தாயா என்று கேட்டதற்குத் தலையை ஒருமாதிரி அசைத்தார். ஆமாவா இல்லையா, தெரியவில்லை. “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணிச் சுற்ற ஆரம்பித்தார். பாட்டு எங்கே என்றேன்.

“அது எங்க அண்ணன் பாட்டாயிடுச்சு முதலாளி. அதை வச்சு எண்ண வரலை.”

ஆள் போகவில்லை. எதிர்க்கடைப் பயமும் தீர்ந்தது. ஆனாலும் அவர் வெறும் எண்ணாக எண்ணும்போது நான் எதற்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.