பண்ணையார் கலங்கிய படம்

குற்றாலச் சாரலில் வெல்வெட் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்ற ஒரே மனிதர் எங்கள் பக்கத்துப் பண்ணையார்தான். தலையில் தேய்த்த எண்ணெய் கிருதா வழியாக இறங்கிக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் ஓர் ஆளை நிறுத்தியிருந்தார். தன் கழுத்தைத் தானே துடைத்துக்கொள்ளத் தெரியாத அந்த மனிதருக்கு ஊரே பயந்தது.

அப்போது நான் தென்காசியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். பேரருவிக்கு எதிரே ஒரு குடும்பப் படம் வேண்டுமென்று என்னை வரவழைத்திருந்தார். நாற்காலியில் அவருடைய புது மனைவி. அதன்மேல் கையூன்றிப் பக்கத்தில் அவர். மூத்த மனைவியைப் பின்னால் தள்ளி நிறுத்தினார். பிறகு என்னிடம் ரகசியம் பேசினார், மூத்தவர் காதில் நன்றாக விழும்படி.

“வேய், இவ படத்துல இல்லன்னா ஆய்க்குடியில இருந்து இவ அண்ணன்மாரு சண்டைக்கு வருவானுவ. அதனால நிக்கட்டும். ஆனா மூஞ்சி தெரியப்படாது. வழி இருக்கா?”

வழி இருந்தது. லென்சின் துவாரத்தை அகலத் திறந்தால் குறிவைத்த தூரத்தில் இருப்பது மட்டுமே துல்லியமாக விழும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் புகையாகக் கலங்கிவிடும். துவாரத்தைச் சுருக்கினால் அருவி வரைக்கும் தெளிவாகத் தெரியும். இதைச் சொன்னதும் பண்ணையார் பல்லைக் காட்டினார். அகலத் திறந்து, அவருடைய மீசையில் குறிவைத்தேன்.

“ஐயா, இங்கன இருந்து நகரப்படாது. முன்னால வந்தீங்கன்னா நீங்களே கலங்கிருவீங்க.”

“எனக்கே புத்தி சொல்லுதீராக்கும்!”

சொன்னது மண்டையில் ஏறினால் அவர் பண்ணையார் அல்லவே. படம் பதியும் கண்ணாடித் தட்டை நான் கேமராவில் செருகியதும், தான் இன்னும் பெரிதாகத் தெரியவேண்டுமென்று, நாற்காலியை விட்டு ஓரமாக விலகி, நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்து நின்றுகொண்டார். நான் வாய் திறக்குமுன் மூத்தவர் சத்தமில்லாமல் நடந்துவந்து, அவர் விட்ட இடத்தில் நின்றார். நாற்காலியில் கையூன்றி, நேராக என்னைப் பார்த்தார்.

ஷட்டரைத் திறக்கும் ரப்பர் பந்தை அழுத்தினேன்.

படத்தில் இரண்டு பெண்களும் இமைமயிரை எண்ணலாம்போல விழுந்திருந்தார்கள். ஓரத்தில் முகமில்லாத ஒரு சாம்பல் மூட்டை. “எம்மூஞ்சி எங்கவே?” என்று ஸ்டூடியோ அதிரக் கத்திவிட்டு, படத்தைக் கிழித்தெறிந்து போனார் பண்ணையார். கண்ணாடித் தட்டு என்னிடம் இருக்கும், இன்னொரு பிரதி போடலாம் என்பதுகூட அந்த மூளைக்கு எட்டவில்லை.

சில நாள் கழித்து மூத்தவர் தன் அண்ணனோடு வந்தார். வேறொரு பிரதியை எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“அவுக இதுல தெரியுதாகளா?”

“இல்லம்மா.”

“அப்பம் பெருசா ஒண்ணு போட்டுத் தாங்க.”