கையில் எடுத்த சங்கு

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். போன கோடையில் அந்தமான் போயிருந்தபோது, அங்கே முக்குளிப்பாளராக இருக்கும் என் மைத்துனன் சேகர், எனக்கும் முதுகில் காற்று உருளையைக் கட்டி, ஆழம் குறைந்த கடலடிக்கு அழைத்துப்போனான்.

பவளப்பாறை ஓரத்து மணலில் பூவேலை செய்ததுபோல ஒரு சங்கு கிடந்தது. மகளுக்கு ஆகுமே என்று எடுத்தேன். சங்கின் வாயிலிருந்து சிவந்த குழாய் ஒன்று நீண்டு, என் கட்டைவிரல் பக்கம் வளைந்தது. சேகர் பாய்ந்து வந்து என் கையிலிருந்து சங்கைத் தட்டிவிட்டான்.

மேலே வந்ததும், "இன்னா சேகர் அது?" என்றேன்.

"உயிருள்ள சங்கு மாமா! உள்ள விஷ ஊசி வெச்சிருக்கு. குத்தியிருந்தா மூச்சே நின்னு போயிருக்கும். அதுக்கு மாத்து மருந்தும் கிடையாது" என்றான்.

இப்போதெல்லாம் கடற்கரையில் மகள் கிளிஞ்சலுக்குக் குனிந்தாலே கத்திவிடுகிறேன்.