நிலைப்படி இல்லாத வாசல்: குத்தாலத்திலிருந்து தஞ்சாவூர் போய்வந்த கதை

காலை 6.15. ஆட்டோ வந்து நின்றுவிட்டது. என் கணவரும் நின்றுவிட்டார், வீட்டுக்குள்ளேயே. கூடத்திலிருந்து ஒழுங்காக நடந்து வந்தவர், தலைவாசலுக்கு நேரே வந்ததும் இரண்டு பாதங்களும் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் அசையாமல் நின்றார். உடம்பு முன்னால் சாய்கிறது. கால் வர மறுக்கிறது.

ஆட்டோ ஓட்டும் முருகேசன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். "வாங்க மாமா, நான் இருக்கேன்ல."

"நீ இருக்கறதுதான்டா பயமா இருக்கு. கையை விடு."

எங்கள் பக்கத்தில் வயதானவரைக் கண்டால் கையைப் பிடித்து இழுப்பது மரியாதை. அந்த மரியாதையால்தான் போன மாதம் இதே இடத்தில் விழுந்து அவர் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கால் தானாகவே கிளம்பியது. கிளம்பிய கால் ஆட்டோ வரைக்கும் நிற்கவே இல்லை.

குத்தாலத்துக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் எங்கள் ஊர். என் கணவர் கோவிந்தராசு பெயரைச் சொன்னால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். மூன்று ஏக்கர், எங்கள் கணக்கில் ஒன்பது மா, சொந்தச் சாகுபடி. நான் தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். வாரிசுச் சான்றிதழ் முதல் பட்டா மாறுதல் வரை எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதனின் கால் ஏன் வாசலில் தூங்குகிறது என்பதுதான் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஒரு வருஷமாக நடை மாறிவந்தது. முதலில் இடதுகால் லேசாக இழுபட்டது. பிறகு அடிகள் குறுகின. இடதுகை வீசி நடப்பதை நிறுத்திக்கொண்டது. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முட்டித் தேய்மானம் என்றார் ஒருவர், எக்ஸ்ரே எடுத்தோம். வாயு என்றார் இன்னொருவர், எண்ணெய் தேய்த்தோம். எழுபது வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்றார் எழுபத்தைந்து வயதில் சைக்கிள் மிதிக்கும் பக்கத்து வீட்டுக்காரர். சிங்கப்பூரிலிருந்து சித்திரை மாதம் லீவில் வந்த மகன் செந்தில், அப்பா காலை இழுத்து நடப்பதைப் பார்த்துவிட்டு, தடுக்கி விழுந்துவிடுவார் என்று வீட்டையே மாற்றினான். சாண் உயரத் தேக்கு நிலைப்படியை அறுத்து எடுத்துவிட்டு, கூடத்திலிருந்து வாசல்வரை ஒரே மட்டமாக டைல்ஸ் போட்டான். வீடு விமான நிலையம் மாதிரி ஆனது. அவன் கிளம்பிப் போன பிறகுதான் கால் வாசலில் ஒட்ட ஆரம்பித்தது. நோய் முற்றுகிறது என்று நினைத்தோம்.

நெற்றித் தையலுக்குப் பிறகு செந்தில் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "வாசல்ல நடக்க முடியாதவர் வரப்புல எப்படிப்பா நடப்பீங்க? குத்தகைக்கு விட்ருங்க." சம்பா நாற்று விட்டாயிற்று. நடவுக்குள் முடிவு தெரிய வேண்டும். குத்தகைக்கு எடுக்க மேலத்தெரு செல்வராசு தயார். ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் நானே எழுதி வைத்துவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. இவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "டாக்டர் சொல்லட்டும். அப்புறம் போடறேன்."

7.05. குத்தாலம் ரயில் நிலையம். தஞ்சாவூருக்கு இரண்டு டிக்கெட் முப்பது ரூபாய். நாங்கள் ஏறும் பாசஞ்சர் இங்கே ஒரு நிமிஷம்தான் நிற்கும். என் வீட்டு வாசலைத் தாண்ட அதைவிட அதிக நேரம் பிடிக்கிற மனிதரை அதில் ஏற்ற வேண்டும். முறைப்படி ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

"கார்டுகிட்ட சொல்றேம்மா. கொஞ்சம் பாத்து அனுப்புவாரு" என்றார் அவர்.

வண்டி வந்தது. நடைமேடைக்கும் படிக்கும் நடுவே நல்ல இடைவெளி, படியும் உயரம். உள்ளேயிருந்து இரண்டு பேர் கை நீட்டினார்கள். நான் பின்னாலிருந்து தாங்கத் தயாராக நின்றேன். இவர் இடைவெளியைக் குனிந்து பார்த்தார், வலதுகாலைத் தூக்கி வைத்தார், ஏறிவிட்டார். கடைசியாக ஏறியது நான்தான், அதுவும் கார்டு விசில் ஊதிய பிறகு.

"என்னங்க இது? வீட்ல வராத காலு ரயிலுக்கு மட்டும் வருதா?"

"ரயிலு விட்டுட்டுப் போயிடும். நீ போகமாட்டே" என்றார்.

பயத்தில் வந்த தைரியம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலோரம் அவருக்கு. ஆடுதுறை தாண்டியதும் இருபுறமும் குறுவை பழுத்து நின்றது. சில வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. இடையிடையே சம்பா நாற்றங்கால்கள், பாய் விரித்த மாதிரி பச்சை. வாய்க்கால்களில் தண்ணீர் நிறைந்து ஓடியது. இவர் ஒவ்வொரு வயலுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார். "களை மண்டிக் கெடக்கு. குத்தகைக்கு விட்ட வயலு. பாத்தாலே தெரியுது." எனக்குத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. கும்பகோணத்தில் கூட்டம் ஏறியது. பாபநாசத்தில் காப்பி இருபது ரூபாய்க்கு வந்தது. அதில் காப்பி எங்கே என்று தேடிக்கொண்டே ஐயம்பேட்டை வந்துவிட்டது. தஞ்சாவூர் நெருங்கும்போது வெண்ணாற்றைக் கடந்தோம். கரை தொட்டு ஓடியது.

9.20. தஞ்சாவூர் சந்திப்பு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூறுக்கு வந்தார். நரம்பியல் மருத்துவமனை புதிய கட்டடம். பளபளக்கும் கருங்கல் தரை, தானே திறக்கும் கண்ணாடிக் கதவு. கதவு இவரைக் கண்டதும் திறந்தது. இவர் கதவைக் கண்டதும் நின்றார். காத்திருந்து பார்த்துவிட்டுக் கதவு மூடியது. இவர் அசைந்தார், மறுபடி திறந்தது. மறுபடி நின்றார். எங்களுக்குப் பின்னால் ஒரு சக்கர நாற்காலி, ஒரு பிரசவ வயிறு, ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி என்று வரிசை சேர்ந்தது.

வாயிற்காவலர் வந்து கையைப் பிடித்தார். "வாங்க ஐயா, ஒரே இழு."

"இழுக்காதீங்க தம்பி. ஏற்கெனவே இழுத்து நெத்தியில தையல் போட்டாச்சு" என்றேன்.

10.40. டாக்டர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஆலோசனைக் கட்டணம் அறுநூறு. அந்த அறுநூறுக்கு முதலில் அவர் செய்தது, இவரை நடக்கவிட்டு வேடிக்கை பார்த்ததுதான். வராந்தாவில் நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார். சர்க்கரை உண்டா, முதுகுத்தண்டு வலி உண்டா, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று கேட்டார். ரத்தத்தில் பி12 பார்க்க எழுதினார். நடை கெடுவதற்கு முட்டி மட்டும் காரணமில்லை, நரம்பு, தண்டுவடம், காது, கண், சாப்பிடும் மாத்திரை என்று பல வாசல்கள் உண்டு, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார். கடைசியாக ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். இவர் போட்டார். முதல் எழுத்து எறும்பளவு, கடைசி எழுத்து எறும்பின் கால் அளவு.

பாங்கு விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு மாதத்துக்கு முன் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று பாங்கில் இவருடைய காசோலையைத் திருப்பியபோது, விதிமுறைகளை எடுத்துச் சொல்லி அந்த மேனேஜரை நான் அழவைக்காத குறை.

"பார்கின்சன் நோய்" என்றார் டாக்டர். "ஆரம்ப நிலைதான். முழுசா குணமாகாது. ஆனா நல்லா கட்டுப்படுத்தலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி, தண்ணியில. பாலோட, பருப்போட சேந்துச்சுன்னா வேலை செய்யாது."

"காப்பியோடவும் கூடாதா?" இவர் முகத்தில் அப்போதுதான் நோயாளிக் களை வந்தது.

"அரைமணி கழிச்சுக் குடிங்க."

பிறகு இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். காலையிலிருந்து அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். "அம்மா, நான் சாகுபடி பண்ணலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க. அங்க ஒரு தாள் ரெடியா இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் விசிறியைப் பார்த்தேன்.

"உங்களை உக்கார வெச்சா நோய்தான் ஜெயிக்கும். ஆனா தனியா போகாதீங்க. வழுக்கற ஈரத்துல போகாதீங்க. கம்பு வேணும். மாத்திரை நல்லா வேலை செய்ற நேரத்துல போங்க. முதல்ல இந்த வாசல் பிரச்சினைய சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் வரப்பைப் பத்திப் பேசலாம்."

11.30. வாசல் பிரச்சினைக்கு டாக்டர் அனுப்பிய இயன்முறைச் சிகிச்சைப் பிரிவு, கீழ்த்தளத்தில். கவிதா என்ற இளம்பெண். இவர் அறை வாசலில் நின்றுவிட்டதும் அவள் இழுக்கவில்லை. ஒரு மஞ்சள் டேப்பை எடுத்து வாசலுக்குக் குறுக்கே தரையில் ஒட்டினாள்.

"ஐயா, கால நகர்த்தணும்னு நினைக்காதீங்க. இந்தக் கோட்டைத் தாண்டணும்னு மட்டும் நினைங்க."

வலதுகால் எழுந்தது. தாண்டியது. இடதுகால் பின்னாலேயே வந்தது.

அவர் திரும்பி அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரசு, இது நம்ம நிலைப்படி."

எனக்கும் அதே நொடியில் ரயில் படி நினைவுக்கு வந்தது. இடைவெளி இருந்தது, தாண்டினார். பிறந்ததிலிருந்து நிலைப்படியை மிதிக்கக் கூடாது, வலதுகாலைத் தூக்கித் தாண்டி வர வேண்டும் என்று வளர்ந்த உடம்பு அது. தாண்ட எதுவுமே இல்லாத வாசலில் அதற்கு உத்தரவு கிடைக்கவில்லை. தடுக்கும் என்று செந்தில் எடுத்த படிதான், அதுவரை அவன் அப்பாவின் காலைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப தேக்குப் படியத் திரும்ப வெச்சிடலாம்" என்றார் இவர் உற்சாகமாக.

"வேண்டாம் ஐயா. கால் அசந்த நேரத்துல உயரம் தடுக்கிடும். கோடு போதும், நல்ல நிறமா."

"வெறும் கோட்டுக்கு ஒரு மரியாதை இருக்குமா?"

"மஞ்சளும் குங்குமமும் வெச்சா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் நிலைப்படிக்கு வைத்த மஞ்சள் குங்குமத்துக்கு நாலு மாதமாக எங்கள் வீட்டில் இடமில்லை. கவிதா கொஞ்சம் யோசித்து, "தாராளமா. பெயின்ட்ல போடுங்க, வழுக்காத பெயின்ட்" என்றாள்.

அவள் மேலும் ஒரு மணிநேரம் பழக்கினாள். கால் ஒட்டிக்கொண்டால் எதிர்த்துத் தள்ளாமல் நின்று, மூச்சு விட்டு, உடம்பை இடவலமாக ஆட்டி, பெரிய அடியாக எடுத்து வைக்க வேண்டும். இருந்த இடத்திலேயே சுழன்று திரும்பாமல் அகலமாக வளைந்து திரும்ப வேண்டும். "டிராக்டரைத் திருப்பற மாதிரி" என்றார் இவர். "அதேதான் ஐயா" என்றாள் அவள். நடக்கும்போது பேசிக்கொண்டே வரக் கூடாது என்று சொன்னபோது மட்டும் இவர் என்னை அர்த்தத்தோடு பார்த்தார்.

வெளியே போகும்போது கண்ணாடிக் கதவு திறந்தது. கவிதா அங்கேயும் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தாள். இவர் தாண்டினார். காலையில் இழுத்த காவலர் வாயைப் பிளந்தார். "என்ன ஐயா, ஊசி போட்டாங்களா?"

"கோடு போட்டாங்க" என்றார் இவர்.

மாலை 5.40. வீடு. பெயின்ட் மறுநாள் வாங்கலாம் என்று, அம்மியில் அரைத்த மஞ்சளை நல்ல கெட்டியாக ஒரு கை அகலத்துக்கு டைல்ஸில் குறுக்கே தீட்டிக் குங்குமம் வைத்தேன். காய்ந்தது. செந்திலை வீடியோவில் கூப்பிட்டு போனை நேராகப் பிடித்தேன். இவர் உள்ளே போய்த் திரும்பி நடந்து வந்தார். கோட்டைப் பார்த்தார். அதை மிதிக்கிற துணிச்சல் அந்தக் காலுக்கு இல்லை. தூக்கித் தாண்டி வாசலுக்கு வந்தார். உள்ளே போய் மறுபடியும் வந்தார்.

"அம்மா, நான் எடுத்தது தப்பாம்மா?" என்றான் செந்தில்.

"உன் டைல்ஸ் நல்லாத்தான்டா இருக்கு. மஞ்சள் எடுப்பா தெரியுது" என்றார் அவன் அப்பா.

பத்து நாள் கழித்து, டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மாத்திரை நன்றாக வேலை செய்த ஒரு காலையில், கம்போடு வயலுக்குக் கிளம்பினார். முன்னால் முருகேசன், பின்னால் நான். கையைப் பிடிக்கக் கூடாது என்று முருகேசனுக்கு எழுத்துமூலம் தராத குறையாகச் சொல்லியிருந்தேன். வரப்பு காய்ந்து கெட்டியாக இருந்தது. வழியில் தண்ணீர் பாய வரப்பை வெட்டிவிட்ட வாமடை ஒன்று. முருகேசன் திரும்பினான், கை தன்னாலே நீண்டது, என் முகத்தைப் பார்த்து மடங்கியது. இவர் வாமடையைப் பார்த்தார். வலதுகால் எழுந்தது. அந்தப் பக்கம் நின்று கம்பை ஊன்றி நாற்றங்காலைச் சுற்றிப் பார்த்தவரைப் பார்த்தபோது, முப்பத்து நாலு வருஷத்தில் நான் ஒப்பமிட்ட எந்த உத்தரவும் இத்தனை ஒழுங்காக நிறைவேறியதில்லை என்று தோன்றியது.

மேலத்தெரு செல்வராசு எதிர் வரப்பில் நின்றிருந்தார். "என்னண்ணே, குத்தகை?"

"நடவுக்கு ஆள் சொல்லியாச்சுப்பா" என்றார் இவர்.

தஞ்சாவூரில் வாசல்கள் எல்லாம் தானாகத் திறக்கின்றன. எங்கள் வீட்டு வாசலுக்கு அந்த வசதி இல்லை. வழுக்காத மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இருக்கிறது. கையெழுத்துப் போடாத முத்திரைத்தாளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மனு எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில், 'நில உரிமையாளர் நடக்கிறார்' என்று போட்டிருக்கிறேன்.