வால்வைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த எங்கள் அப்பா

எங்கள் அப்பாவைக் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. அவர்களோடு பழகிய உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும் வேளையில், மூத்த மகளாகிய நான் என் நினைவில் நிற்பவற்றை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். தாத்தா அங்கே சபையை நடத்திய உபதேசியார். வீட்டில் ஜெபமும் வறுமையும் சேர்ந்தே இருந்தன என்று அப்பா சிரித்தபடி சொல்வார்கள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, மணமான புதிதில் அம்மாவோடு திருப்பூர் வந்து, நெருப்பெரிச்சல் பக்கம் துணிக்குச் சாயமேற்றும் ஒரு மில்லில் பாய்லர் இன்ஜினியராகச் சேர்ந்தார்கள். காலையில் பாய்லரைப் பற்றவைக்கும் முன் கண்மூடி ஒரு நிமிடம் ஜெபிப்பது அவர்கள் வழக்கம். உடன் வேலை செய்த ஒவ்வொருவருக்கும், அந்த ஜெபத்தில் தன் பெயரும் வரும் என்று தெரியும்.

வாலிபால் என்றால் அப்பாவுக்கு உயிர். ஒருமுறை அவிநாசியில் ஒரு திருமணத்துக்குப் போகும் வழியில் வாலிபால் ஆட்டத்தைக் கண்டு ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். பட்டுச்சேலையோடு அம்மா சாலையோரம் காத்திருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு செட் ஆடி முடித்துத்தான் வந்தார்கள். அன்று பந்திக்குப் பிந்திப் போனதை அப்பாவின் கடைசி நாள்வரை அம்மா சொல்லிக் காட்டுவார்கள்.

நான் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டு அது. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பாய்லரின் பாதுகாப்பு வால்வு உள்ளே இறுகிப்போயிருந்ததை அப்பா கண்டுபிடித்தார்கள். நீராவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியேற்றவேண்டிய வால்வு அது. சரக்கு போகும்வரை அப்படியே ஓட்டச் சொன்னார் மேலாளர். தாம் வீட்டுக்குப் போனதும் வேறு யாராவது பாய்லரைப் பற்றவைத்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால், பாய்லரை ஓட்டவே முடியாதபடி அந்த வால்வையே கழற்றிச் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அம்மா பதறிப்போனார்கள். “வேலை போயிருமே! ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சிக்கிட்டு என்ன செய்ய?”

“போனா வேற வேலையக் கர்த்தர் காட்டுவாரு. நீ காப்பியப் போடு, முதலாளி இப்ப வந்துருவாரு” என்றார்கள் அப்பா.

சொன்னபடியே முதலாளி வந்தார். வாசலிலேயே சத்தம் போட்டார்.

“ஏனுங்க, இன்ஜினியர் பண்ற வேலையாங்க இது? மில்லுச் சாமானத் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டீங்க! சரக்கு கப்பலேறோணுமுங்க. இப்ப நான் போலீசுக்குப் போனா என்னாகும்னு தெரியுமுங்களா?”

அப்பா குரலை உயர்த்தவில்லை. வால்வைத் தரையில் வைத்தார்கள்.

“போங்க முதலாளி. அதுக்கு முந்தி இந்தக் கைப்பிடியத் தூக்கிப் பாருங்க.”

முதலாளி குனிந்து தூக்கினார். இரண்டு கையாலும் இழுத்தார். அது அசையவில்லை.

“கப்பல் போச்சுன்னா அடுத்த கப்பல் வரும். பாய்லர் பக்கத்துல நிக்கிற பையன் போனா வருவானா? அவன் அம்மாவுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா, நான் சொல்லட்டுமா?”

முதலாளி கைப்பிடியை விட்டு நிமிர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். பிறகு, “கோயமுத்தூர்ல இருந்து புதுசு வரச் சொல்றேனுங்க. நீங்களே வந்து மாட்டிக் குடுங்க” என்றார். சரக்கு பிந்தியது. ஆனால் அதன்பின் பாய்லர் விஷயத்தில் அப்பா சொன்னதை அந்த மில்லில் யாரும் மறுத்ததில்லை.

“உங்களுக்கு என்னங்க வேணும்?” என்று பின்னொரு நாள் முதலாளி கேட்டபோது, மில்லின் பின்புறம் கிடந்த காலியிடத்தை அப்பா கேட்டார்கள். பழைய நீராவிக் குழாய்களை நட்டு, வலை கட்டினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து மாலையானால் அங்கே மதுரைக்காரரும் பீகார்க்காரரும் உள்ளூர்க்காரரும் ஒன்றாக ஆடினார்கள். அப்பாவுக்கு இந்தி வராது. பீகார்க்காரர்களுக்குத் தமிழ் அரைகுறை. கோட்டுக்கு வெளியே விழுந்த பந்துக்காக இரண்டு மொழியிலும் சண்டை நடக்கும்.

பல ஆண்டுகளுக்குப் பின் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. கோவை மருத்துவமனையில் கடைசி வாரங்களில் அப்பாவின் உடல் மெலிந்ததே தவிர, முகம் வாடவில்லை. ஒருநாள் போதகர் ஐயா ஜெபிக்க வந்தபோது, அப்பா பக்கத்துப் படுக்கையைக் காட்டினார்கள்.

“முதல்ல அவருக்கு ஜெபம் பண்ணுங்க ஐயா. எனக்கு ஆள் நிறைய இருக்கு. அவரப் பாக்க இதுவரைக்கும் யாரும் வரல.”

அந்தப் பெரியவர் அவிநாசிபாளையத்துக்காரர், முருக பக்தர். போதகர் ஐயா தயங்கி அவரைப் பார்த்தார். “பண்ணுங்க சாமி, எல்லாம் ஒரே தெய்வந்தானுங்க” என்று அவர் கைகூப்பினார். அன்று முதல் அம்மா கொண்டுவந்த கஞ்சி இரண்டு கிண்ணங்களில் ஊற்றப்பட்டது. அதே வாரத்தில் அப்பா ஆண்டவருக்குள் இளைப்பாறினார்கள்.

சிகிச்சையளித்த மருத்துவர்கள், செவிலியர்கள், இரத்தம் கொடுத்து, பெட்டியைத் தோளில் சுமந்த விளையாட்டுத் தோழர்கள், அம்மாவைத் தனியே விடாத அக்கம்பக்கத்தார், முதலாளி குடும்பத்தார், சபையார் அனைவருக்கும் எங்கள் நன்றி.

அவிநாசிபாளையத்துப் பெரியவர் குணமாகி வீடு திரும்பினார். எங்கள் முகவரியை விசாரித்து, போன மாதம் ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வந்தார். அப்பாவின் படத்துக்கு முன் நின்றவர், “கூடப் படுத்திருந்தேனுங்க, பேரக் கேட்டுக்காமப் போயிட்டேன்” என்று அழுதார். அம்மா பெயரைச் சொன்னார்கள். அவர் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இன்றைய நன்றி ஆராதனைக்கு அவரும் வருகிறார். எங்கள் குடும்பத்தாரின் வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்வார்.