பின்பக்கம் எழுதாத அட்டை

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் கறார். நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கும் அவர் கறார்தான். லிஃப்ட் மெக்கானிக். கூட்டம் அதிகமாகி மணி அடித்தால், கடைசியாக ஏறியவர் மரியாதையாக இறங்கிவிட வேண்டும். என் அம்மாவையே, அதாவது சொந்த மாமியாரையே, அப்படி இறக்கிவிட்டு மாடிப்படியைக் காட்டியவர். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள்.

வாரம் முழுக்க இருட்டுக் குழிகளில் கிரீஸும் கையுமாக நிற்கிற இந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட மேஜையைத் துடைத்து ஒரு ராஜ்ஜியத்தையே அதன்மேல் விரித்துவிடுவார். அது ஒரு கதை ஆட்டம். கதையை நடத்துவது கறார். நாங்கள் மூன்று பேர் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டுவோம். அக்கா, காயம் ஆற்றும் வைத்தியச்சி. கீழ்வீட்டு டெய்லர், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பை வைத்துக்கொண்டு, மலைபோல ஒரு மல்லன். நான் திருடன். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்து, பிரேக்மேல் இருக்கும் அடுத்தவன் காலை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைக்கிறவன், ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் திருடிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்வோம். நடந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும்: பெரிய எண் விழுந்தால் நடந்தது, சின்ன எண் விழுந்தால் இல்லை. பகடை கைவிட்டால் உயிர் போகும். போனது போனதுதான், கறாரிடம் அப்பீல் கிடையாது.

பேய்களையும் கோட்டைகளையும்விட அவர் மெனக்கெட்டது மந்திரப் பொருள்களுக்காகத்தான். வலுவான ஒரு வாளை ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அன்றோடு ஆட்டம் படுத்துவிடும் என்பார். வைத்திருப்பவனுக்குப் பயம் போய்விடும், மற்றவர்களுக்கு வேலை போய்விடும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதுவார். முன்பக்கத்தில் அது கொடுப்பது, பின்பக்கத்தில் அது எடுத்துக்கொள்வது. எனக்குக் குறி தப்பாத கத்தி கிடைத்தது. திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு வீச்சுக்கும் தெரிந்தவர் ஒருவரின் முகம் மறந்துபோகும் என்று இருந்தது. டெய்லருக்குக் கிடைத்த கவசத்தை எந்த ஈட்டியும் துளைக்காது. ஆனால் அதைப் போட்டிருக்கும்வரை யார் குரலும் காதில் விழாது, கூட்டாளி "ஓடு" என்று கத்தினாலும்.

"ஏன் மாமா, ஒண்ணைக் குடுத்தா முழுசா குடுக்க மாட்டீங்களா? குடுக்கும்போதே பிடுங்கறீங்களே" என்று ஒருநாள் கேட்டேன்.

"லிஃப்ட்ல கண்ணாடியப் பாத்து தலை சீவிக்கிட்டே மேல போறியே, சுவத்துக்குப் பின்னாடி இரும்புக் கட்டி ஒண்ணு கீழ இறங்கறது தெரியுமா? அது இல்லன்னா மோட்டார் திணறிப்போயிடும். ஆட்டமும் அப்படித்தான்" என்றார்.

அவருக்கு உலகத்தில் எல்லாமே லிஃப்ட்தான்.

பிறகு அக்கா படுத்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள், அது கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். இனி வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்தே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு சட்டம் போட்டார்: அந்தப் பேச்சு இங்கே கூடாது. அக்கா வாயெடுத்தாலே "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அவளுக்கோ பேச எவ்வளவோ இருந்தது. வெளியூரில் படிக்கிற மகளுக்கு யார் சொல்வது, கடைசியில் ஆஸ்பத்திரியா வீடா, அதற்கப்புறம் இந்த மனிதர் ஒற்றையாக எப்படி இருப்பார்.

"மனுஷன் காது குடுக்க மாட்டேங்கறாருடா. ஒண்ணும் பேசாமலே போயிடுவேனோன்னுதான் பயமா இருக்கு. மத்தபடி பயம் இல்ல" என்றாள் என்னிடம்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. போய்க் கேட்டேன். "உன் வேலையப் பாரு" என்றார்.

ஆட்டத்தை மட்டும் அக்கா நிற்க விடவில்லை. மேஜையோரம் தலையணை வைத்து நாற்காலி போட்டோம். அப்படி ஒரு ஞாயிறு, இடிந்த கோபுரம் ஒன்றில் வைத்தியச்சிக்கு ஒரு கிண்ணம் கிடைத்தது. அதில் தண்ணீர் வார்த்துக் கொடுத்தால் எந்தக் காயமும் ஆறும், எந்த விஷமும் இறங்கும், எத்தனை முறை வேண்டுமானாலும். அக்கா அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

டெய்லர் என்னைப் பார்த்தார். கறார் தொண்டையைச் செருமிக்கொண்டு அவசரமாக அடுத்த அறையை வர்ணிக்கப் போய்விட்டார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவம், அவரால் கொடுக்க முடிந்தது அதுதான்.

ஆனால் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. டெய்லர் நெருப்புக்குள் உலாவப் போவதுபோலப் போனார். நான் பொறி என்று தெரிந்தே பெட்டிகளைத் திறந்தேன். என்ன ஆனால் என்ன, கிண்ணம் இருக்கிறதே! டெய்லர் கொட்டாவி விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்ப்பார். நாங்கள் விளையாட வரவில்லை, நோயாளியைப் பார்த்துவிட்டுப் போக வந்துகொண்டிருந்தோம். அது அவளுக்கும் தெரிந்துபோயிற்று.

ஒரு ஞாயிறு, பகடையை உருட்டும் முன்பே கிண்ணத்தின் அட்டையைக் கவிழ்த்து, பேனாவோடு மாமா முன்னால் வைத்தாள்.

"பின்னாடி எழுதுங்க."

"அது அப்படியே இருக்கட்டும்மா."

"வீட்ல ஆளாளுக்கு என்னை ஏமாத்தறீங்க, பொறுத்துக்கறேன். இங்கயும் விட்டுக்குடுத்தா நான் எதுக்கு முதுகு நோக இந்த நாற்காலில உக்காந்திருக்கேன்? இந்தக் கிண்ணத்த டெய்லருக்குக் குடுத்திருந்தா என்ன எழுதியிருப்பீங்களோ, அதை எழுதுங்க."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வரி எழுதி அவள் பக்கம் தள்ளினார். அக்கா எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்: "ஆறிய காயம் ஆற்றியவருக்குப் போய்ச் சேரும்."

"இப்பதான் நீங்க கறார்" என்றாள், முகத்துக்கு நேராகவே.

அன்று நானும் டெய்லரும் எவ்வளவோ ஜாக்கிரதையாக நடந்தோம். ஆனாலும் பழகிய கை சும்மா இருக்குமா? சுரங்க வாசலில் இருந்த பெட்டியை நான் திறந்துவிட்டேன். விஷ ஊசி. பகடையை உருட்டினேன், கைவிட்டது. திருடன் நுரை தள்ளி விழுந்தான்.

அக்கா கிண்ணத்தின் அட்டையை முன்னால் இழுத்தாள்.

"வேணாம்க்கா. நான் வேற திருடனச் செஞ்சுக்கறேன்."

"சும்மா இருடா. வைத்தியச்சின்னு பேர வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

விஷம் அவளிடம் போனது. பகடையை இரண்டு கையாலும் குலுக்கி அவளேதான் உருட்டினாள். அது டெய்லரின் முழங்கைவரை ஓடி, மூன்று என்று காட்டி நின்றது. நாலு பேரும் பார்த்தோம்.

கறார் பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் நினைத்திருந்தால் ஒரு முனிவரையோ மூலிகையையோ அங்கே கொண்டுவந்திருக்கலாம். கதை அவர் வாயில்தானே இருக்கிறது. கொண்டுவந்துவிடுவார் என்றே நினைத்தேன். கொண்டுவந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்றும் நினைத்தேன்.

"சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அது நடந்த மாதிரி" என்றாள் அக்கா.

"திருடன் கண்ணத் திறந்தான்" என்று ஆரம்பித்தார். "வைத்தியச்சி கிண்ணத்தக் கீழ வெச்சா. சுவத்துல சாஞ்சு உக்காந்தா. அவளுக்கு... அவளுக்கு மூச்சு வாங்குச்சு." அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செத்துட்டா" என்றார்.

சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதார். டாக்டர் சொன்ன அன்றுகூட அவர் அழவில்லை. டெய்லர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் அழவில்லை. அவர் பிடரியில் கையை வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"என்னங்க" என்றாள் பிறகு. "இப்ப என்னைப் பத்திப் பேசலாமா?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை.

"பேசு" என்றார்.

நானும் டெய்லரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். படியில் இறங்கும்போது உள்ளே பேச்சு கேட்டது.

"பொண்ணுக்கு நான் போன் பண்றேன்" என்றார் மாமா.

"நீங்க தனியா பண்ண வேணாம். ரெண்டு பேரும் சேந்தே சொல்லலாம்" என்றாள் அக்கா.